வாப்பா கொடுத்த ஒரு ரூபாய்

நமக்கு அப்போது பத்து வயது இருக்கலாம். இடலாக்குடியில் நம் வாப்பா வைத்திருந்த சிறிய துணிக்கடைக்கு ஒரு மாலை வேளையில் இருவர் வந்தனர். குமரிக் கடலில் விவேகானந்தர் தியானம் செய்த பாறையின்மீது மண்டபம் எழுப்பப்போவதாகவும், அதற்கு ஒரு ரூபாயேனும் தருமாறும் கேட்டனர். வாப்பா கல்லாவைத் திறந்து ஒரு ரூபாய்த் தாளை எடுத்துக் கொடுத்தார்கள். சதாவதானி செய்குத்தம்பிப் பாவலரைத் தந்த ஊர் நம்முடையது. வள்ளலாரின் அருட்பாவுக்காக மேடையேறி வாதாடிய முஸ்லிம் புலவர் அவர். பிறர் போற்றும் பெரியோரைப் போற்றுதல் அங்கே புதிய வழக்கமன்று. அந்த ரூபாயைப் பற்றி இன்றும் நமக்கு வருத்தமில்லை.

மண்டபம் 1970 இல் திறக்கப்பட்டது. அதனைக் கட்டி முடித்த ஏக்நாத் ரானடே, ஆர்.எஸ்.எஸ். இயக்கத்தின் பொதுச் செயலாளராக இருந்தவர். கல் மண்டபத்தோடு அவர் பணி நிற்கவில்லை. 1972 இல் கன்னியாகுமரியில் விவேகானந்த கேந்திரத்தை நிறுவினார். அக்கேந்திரத்தின் சார்பில் 2009 டிசம்பரில் புதுடில்லி சாணக்கியபுரியில் தொடங்கப்பெற்றதே விவேகானந்தா இன்டர்நேஷனல் ஃபவுண்டேஷன். ஆங்கிலத்தில் 'திங்க் டாங்க்' என்கிறார்களே, அத்தகைய சிந்தனைக் குழாம் அது. உளவுத்துறையின் தலைவராயிருந்து ஓய்வு பெற்ற அஜித் தோவல் அதன் முதல் இயக்குநர். ஓய்வு பெற்ற படைத் தளபதிகள், தூதர்கள், செயலாளர்கள் அங்கே கூடினர். பாதுகாப்பையும் அண்டை நாடுகளையும் பொருளாதாரத்தையும் பற்றிப் பேசினர், எழுதினர். அப்போது அவர்களுக்கு உகந்த ஆட்சி டில்லியில் இல்லை. அவர்கள் காத்திருக்கவுமில்லை, ஆயத்தமாகிக் கொண்டிருந்தார்கள்.

2014 மே மாதம் ஆட்சி மாறியதும் தோவல் தேசியப் பாதுகாப்பு ஆலோசகரானார். அதே அமைப்போடு தொடர்புடைய நிருபேந்திர மிஸ்ரா பிரதமரின் முதன்மைச் செயலாளரானார். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவராக இருந்தவர் பின்னர் அரசுப் பதவி ஏற்கலாகாது என்று சட்டம் தடுத்தது. புதிய அரசு அவசரச் சட்டம் பிறப்பித்து அத்தடையை நீக்கியது. துணைப் பாதுகாப்பு ஆலோசகராயிருந்த அரவிந்த் குப்தா, 2017 இல் பதவி முடிந்ததும் அந்த அமைப்பின் இயக்குநராக வந்து அமர்ந்தார். அவ்வமைப்பின் தலைமைப் பொறுப்பை ஏற்ற எஸ். குருமூர்த்தி நம் சென்னைக்காரர், துக்ளக் ஆசிரியர். 2018 இல் ரிசர்வ் வங்கியின் இயக்குநர் குழுவிலும் நியமிக்கப்பெற்றவர். அரசு அலுவலகத்துக்கும் ஆய்வுக் கூடத்துக்கும் இடையே ஒரே கதவு. அஃது இருபுறமும் திறக்கிறது.

டில்லியில் 2011 இல் தோன்றிய ஜம்மு காஷ்மீர் ஸ்டடி சென்டரின் கதை இன்னும் கருதத்தக்கது. காஷ்மீரின் தனி உரிமையை நீக்கவேண்டும் என்பது ஜனசங்க காலத்து முழக்கம். முழக்கத்தை நீதிமன்றத்தில் வாதிட இயலாது. பலரும் கேள்விப்பட்டிராத 35அ பிரிவை இந்த அமைப்பினர் கையிலெடுத்து, அது சேர்க்கப்பட்ட முறையே செல்லாது என்று கருத்தரங்குகளில் திரும்பத் திரும்ப வாதிட்டனர். முழக்கம் சட்டக் குறிப்பாயிற்று. 2019 ஆகஸ்டில் தனி உரிமை நீக்கப்பட்டது. 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் அதனை ஏற்றது.

இதில் குற்றமென்ன என்று கேட்பீர்கள். ஆள்வதற்கு முன் சிந்திப்பது குற்றமன்று. மற்றக் கட்சியினருக்கும் ஆய்வு நிறுவனங்கள் உண்டு. எனினும் களம் சமமாக இல்லை. 1973 முதல் டில்லியில் இயங்கிவரும் சென்டர் ஃபார் பாலிசி ரிசர்ச் என்னும் மதிப்புமிக்க ஆய்வகத்தின் வெளிநாட்டு நன்கொடை உரிமம் 2023 இல் நிறுத்திவைக்கப்பட்டு, 2024 ஜனவரியில் இரத்தே செய்யப்பட்டது. ஒரு கூடத்திலிருந்து அமைச்சரவைக்குப் பாதை போடப்படும்போது, இன்னொரு கூடத்தின் எண்ணெய் விளக்கு அணைக்கப்படுகிறது.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம். நம் முன்னோர் பள்ளிவாசல்களைக் கட்டினார்கள், மத்ரஸாக்களை நடத்தினார்கள். சென்னையில் புதுக்கல்லூரியும் திருச்சியில் ஜமால் முகம்மது கல்லூரியும் 1951 இலேயே எழுந்தன. அண்மைக் காலத்தில் நாம் கட்டியவற்றுள் திருமண மண்டபங்களே மிகுதி என்று தோன்றுகிறது. ஒரு மசோதாவை வரி வரியாகப் படித்துக் குறிப்பெழுதும் அறை ஒன்று எந்த மஹல்லாவில் இருக்கிறது?

2024 ஆகஸ்டு இறுதியில், வக்ஃபு திருத்த மசோதா குறித்துப் பதினைந்து நாள்களுக்குள் கருத்துத் தெரிவிக்குமாறு நாடாளுமன்றக் கூட்டுக்குழு அறிவித்தது. ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் வாயிலில் கியூ.ஆர். குறியீடு ஒட்டிய அட்டையைக் காட்டினார்கள். கைப்பேசியை நீட்டினோம், யாரோ எழுதிய கடிதம் நம் பெயரில் பறந்தது. எல்லாத் தரப்பிலிருந்துமாக 97 இலட்சத்துக்கும் மேற்பட்ட மனுக்கள் அக்குழுவுக்குச் சென்றன என்று பின்னர் அரசே கூறிற்று.

அன்றிரவு சோற்றுத் தட்டின்முன் பெருமையாகச் சொன்னோம். சட்டம் படிக்கும் பேத்தி கேட்டாள்: "உப்பா, நீங்கள் எந்தப் பிரிவை எதிர்த்து எழுதினீர்கள்?"

நமக்கு விடை தெரியவில்லை. கடிதத்தை அப்போதுதான் திறந்து பார்த்தோம். வெட்கமாக இருந்தது.

மறுநாள் அவள் மசோதாவை அச்செடுத்து வந்தாள். இஷாத் தொழுகைக்குப் பின் இருவரும் உட்கார்ந்தோம். அவள் வாசித்துப் பொருள் சொல்ல, நாம் குறித்துக்கொண்டோம். ஒவ்வொரு பிரிவுக்கும் பழைய சட்டத்தைப் புரட்ட வேண்டியிருந்தது. கெடு முடிவதற்குள் இரண்டு பிரிவுகள் பற்றி மட்டுமே சொந்தமாக எழுத முடிந்தது. ஒன்று, ஆவணமின்றி நெடுங்கால வழிபாட்டினாலேயே வக்ஃபு ஆன இடங்களைப் பற்றியது. மற்றது, ஐந்தாண்டு இஸ்லாத்தைக் கடைப்பிடித்தவரே வக்ஃபு செய்யலாம் என்பது.

2025 ஏப்ரலில் மசோதா சட்டமாயிற்று. செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஐந்தாண்டுப் பிரிவை நிறுத்திவைத்தது. மற்றதில் தலையிட மறுத்தது. தீர்ப்பு வந்த அன்று பேத்தி அந்தப் பழைய அச்சுப்படியை எடுத்து வந்து, நாம் படிக்காமல் விட்ட மூன்றாம் பிரிவிலிருந்து தொடங்கினாள்.