பாதிரிப்பூப் பானகம்

நாலடியாரைப் பாடம் சொல்லுவது நமக்கு இருபது வருஷத்துப் பழக்கம். கல்வி என்னும் அதிகாரத்தில் ஓர் உவமை வருகிறது. கல்லாதவரும் கற்றவரோடு கூடிப் பழகினால் நாளடைவில் நல்லறிவு பெறுவர் என்பதை விளக்க வந்த புலவர், பாதிரிப் பூவையும் புதுப் பானையையும் தண்ணீரையும் எடுத்துக்கொள்கிறார். "பூவைத் தண்ணீரில் போட்டு வைப்பார்கள், தண்ணீர் மணக்கும்" என்று ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டு அடுத்த செய்யுளுக்குப் போய்விடுவது நமது வழக்கம். சென்ற பங்குனியில் கடைசிப் பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, "ஐயா, நீங்கள் அந்தத் தண்ணீரைக் குடித்திருக்கிறீர்களா?" என்று கேட்டான். வகுப்பு முழுதும் சிரித்தது. நாமும் கூடச் சிரித்துச் சமாளித்தோம். தண்ணீர் கிடக்கட்டும், பாதிரிப் பூவையே நாம் கண்ணால் கண்டதில்லை என்பதை அவனிடம் எப்படிச் சொல்லுவது?

நல்ல வேளையாகச் சித்திரை கடைசியில் தங்கை மகனுக்குக் காதணி விழா வந்தது. தங்கை வாழ்க்கைப்பட்டிருப்பது கடலூரைச் சேர்ந்த திருப்பாதிரிப்புலியூரில். விழாவுக்கு நான்கு நாள் முன்னதாகவே குடும்பத்தோடு புறப்பட்டோம். அவ்வளவு அவசரம் எதற்கென்று வீட்டில் கேட்டதற்கு, இலக்கிய ஆராய்ச்சி என்று பதில் சொன்னோம்.

விழுப்புரத்தில் வண்டி மாறிப் போய் இறங்கியபோது காலை பத்து மணி. அதற்குள்ளேயே வெயில் செருப்பைத் தாண்டிக் காலைச் சுட்டது. கெடிலம் ஆற்றில் மணல்தான் ஓடிக்கொண்டிருந்தது. கடல் அருகில் இருந்தும் காற்று வருவதாகக் காணோம். அது பிற்பகலில்தான் மனமிரங்கி வருமென்று வண்டிக்காரர் சொன்னார்.

இவ்வூருக்குப் பெயர் கொடுத்ததே மரந்தான். பாடலீசுவரர் கோயிலின் தல விருட்சம் பாதிரி. வடமொழியில் அதற்குப் 'பாடலம்' என்று பெயர். அம்மை பாதிரி மரத்தடியில் அருந்தவம் புரிந்தாள் என்பதும், புலிக்கால் முனிவர் வழிபட்டதால் 'புலியூர்' என்று சேர்ந்தது என்பதும் தல வரலாறு. கங்கைக் கரையிலிருந்த பாடலிபுத்திரத்துக்கும் இதே மரத்தால்தான் பெயர் வந்ததாகக் கதை வழங்குகிறது. இங்கேயும் பழங்காலத்தில் சமணர்களுடைய பெரிய கல்வி நிலையம் ஒன்று இருந்தது. கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்ட அப்பர் சுவாமிகள், அந்தக் கல்லே தெப்பமாகக் கரையேறிய இடம் இதுவே. 'கரையேறவிட்ட குப்பம்' என்ற பெயர் அதை இன்றும் நினைவூட்டுகிறது. இவ்வளவு பெருமையுள்ள ஊரில், ஸ்டேஷனிலிருந்து வீடு போய்ச் சேருவதற்குள் நாம் விசாரித்த மூன்று பேருக்குப் பாதிரி மரம் எப்படி இருக்கும் என்று தெரியவில்லை. நமக்குச் சற்று ஆறுதலாகத்தான் இருந்தது!

தங்கை வீட்டுக் கொல்லையிலேயே ஒரு மரம் நிற்கிறது. உயரமான மரம், இலை உதிர்ந்த கிளைகளில் கொத்துக் கொத்தாகப் பூ. தங்கையின் மாமியார் விடியற்காலையில் மரத்தடியில் பழைய வேட்டி ஒன்றை விரித்து வைத்திருந்தார்கள். அதில் உதிர்ந்து கிடந்தவற்றை முதன் முதலாகக் கையில் எடுத்துப் பார்த்தோம். சற்றே வளைந்த குழல் போன்ற பூ. செந்நிறமும் ஊதாவும் கலந்தது. விளிம்பு சுருங்கி மடிந்திருக்கிறது. உள்ளே பஞ்சு போன்ற மெல்லிய மயிர். வாசனை மல்லிகையைப் போல ஓடி வந்து மூக்கைப் பிடிப்பதன்று. சற்றுப் பொறுத்துத் தேனைப் போல வருவது. சங்கப் புலவர்கள் இதை வேனிற் காலத்துப் பூவாகவே பாடுகிறார்கள். காளிதாசனும் சாகுந்தலத்தின் தொடக்கத்தில் கோடையை வருணிக்கும்போது பாதிரி மணம் ஏறிய காட்டுக் காற்றை மறக்கவில்லை. வேரை வைத்தியர்கள் தசமூலத்தில் சேர்ப்பார்கள்.

விழாவுக்கு வரும் நாற்பது பேருக்கு என்ன பானம் கொடுப்பது என்று வீட்டில் ஒரு சர்ச்சை நடந்துகொண்டிருந்தது. கடையில் விற்கும் வர்ணப் புட்டிகள் போதும் என்பது மைத்துனர் கட்சி. அந்தச் சிவப்பில் ரோஜாவும் இல்லை, மஞ்சளில் பழமும் இல்லை என்பது நமது கட்சி. பாதிரிப் பூ மணக்கும் எலுமிச்சம் பழப் பானகத்தை நாமே தயாரிப்பதாகப் பொறுப்பேற்றுக்கொண்டோம். பட்டம் பெற்றவன் சொல்லுகிறானே என்று எல்லோரும் இசைந்துவிட்டார்கள்.

அன்றிரவே ஓர் எவர்சில்வர் தவலை நிறையத் தண்ணீர் ஊற்றி, இரண்டு கை பூவை அள்ளிப் போட்டு மூடி வைத்தோம். காலையில் திறந்தால் தண்ணீர் பழுப்பேறியிருந்தது. வாயில் விட்டுப் பார்த்தோம். வைக்கோல் ஊறிய நீருக்கும் அதற்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. மாமியார் அம்மாள் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். "பூவைத் தண்ணியிலே போட்டா கஷாயந்தான் வரும், தம்பி! பூ பானைக்கு, பானைதான் தண்ணிக்கு" என்றார்கள்.

நமக்குச் சுருக்கென்றது. செய்யுளை மனத்திற்குள் சொல்லிப் பார்த்தோம். பூவைத் தண்ணீரில் போடுவதாகப் புலவர் எங்குமே சொல்லவில்லை. பூவைச் சேருவது புதுப் பானையின் ஓடு. தண்ணீருக்கு மணம் தருவதும் அந்த ஓடுதான். உவமையின் உயிரே நடுவிலிருக்கும் பானையில் இருக்கிறது. அந்தப் பானையைத் தாண்டிக் குதித்தே இருபது வருஷமாகப் பாடம் சொல்லியிருக்கிறோம்! எழுத்தையே பெரிதும் நம்பாத அந்த அம்மாளுக்குப் பொருள் சரியாகத் தெரிந்திருந்தது.

பிறகு அவர்கள் சொன்னபடி நடந்தோம். புதிய மண்பானைகள் இரண்டை ஒரு பகல் முழுதும் தண்ணீரில் ஊற வைத்துக் கழுவி, நன்றாகக் காய வைத்தோம். காய்ந்த பானையில் கழுத்து மட்டும் பூவை நிரப்பித் துணியால் வேடு கட்டி வைத்தோம். காலையில் வாடிய பூவைக் கொட்டிவிட்டுப் புதுப் பூ. விழாவுக்கு முன்னாள் இரவு பூவையெல்லாம் உதறி எடுத்துவிட்டு, கொதிக்க வைத்து ஆறிய நீரை ஊற்றினோம். பானை புதிதாக இருக்க வேண்டியதன் காரணமும் விளங்கியது. சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. மணம் அவற்றில் தங்குகிறது. தண்ணீர் அவற்றின் வழியே கசிந்து ஆவியாகும்போது உள்ளேயுள்ள வெப்பத்தையும் கொண்டுபோகிறது. பழகிய பானையில் துளைகள் அடைபட்டுப் போய்விடும்.

பானகம் கலப்பதிலும் நமது அதிகாரம் செல்லவில்லை. ஸ்ரீராம நவமிப் பானகம்போல் வெல்லமும் ஏலமும் சுக்கும் சேர்க்கலாமென்றோம். "அப்புறம் பூ எதுக்கு?" என்று அம்மாள் கேட்டதும் வாயை மூடிக்கொண்டோம். எட்டு லிட்டர் தண்ணீருக்கு முக்கால் கிலோ சர்க்கரை. அதைக் கொஞ்சம் வெந்நீரில் பாகாகக் கரைத்து வடிகட்டி ஆற வைத்தது. முப்பது எலுமிச்சம் பழம் வாங்கியிருந்தோம்; இருபதுக்கு மேல் பிழிய விடவில்லை. விதையை எடுத்துவிட்டு மெதுவாகப் பிழிய வேண்டும். அழுத்திப் பிழிந்தால் தோலின் கசப்பு இறங்கிவிடும். சாற்றைப் பானைக்குள் விடுவதே கூடாது. பானைத் தண்ணீரை எவர்சில்வர்ப் பாத்திரத்தில் எடுத்து, பாகும் சாறும் இரண்டு சிட்டிகை உப்பும் சேர்த்து, பரிமாறும் சமயத்தில்தான் கலக்க வேண்டும்.

காது குத்தி முடிந்து, குழந்தையின் அழுகையும் ஓய்ந்த பிறகு தம்ளர்கள் பந்தலைச் சுற்றி வந்தன. உண்மையைச் சொன்னால், பாதிப் பேர் தாகத்தில் மடக்கென்று குடித்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார்கள். குழந்தைகள் சிவப்புப் புட்டி ஏன் இல்லை என்று மைத்துனரைக் குடைந்தார்கள். ஒரு முதியவர் மட்டும் ஒரு வாய் குடித்துவிட்டுத் தம்ளரை மூக்கருகில் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். "எங்க அம்மா பண்ணுவாங்க" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நாமும் குடித்தோம். எலுமிச்சையின் புளிப்பு முதலில் வந்தது; விழுங்கியபின் தொண்டைக்குள்ளிருந்து பூ மணம் மெல்ல எழுந்தது.

ஒரு பானையைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஊர் திரும்பினோம். ஜூன் மாதத்தில் பள்ளிக்கூடம் திறந்ததும் அந்தப் பையனைக் கூப்பிட்டு, பானைத் தண்ணீரை ஊற்றிக் கொடுத்தோம். அதற்குள் மணம் பெரும்பாலும் போய்விட்டிருந்தது. குடித்துப் பார்த்து, "மண் வாசனைதான் வருகிறது, ஐயா" என்றான். வாஸ்தவந்தான் என்று ஒப்புக்கொண்டு, திருப்பாதிரிப்புலியூரில் நடந்ததைச் சொல்லி, சென்ற வருஷம் நாம் சொன்ன பொருள் தவறு என்பதையும் தெரிவித்தோம்.

பையன் சிறிது நேரம் யோசித்தான். "பரீட்சையில் நீங்கள் சொன்னபடிதானே எழுதினேன்; அந்த மார்க்கு என்ன ஆகும், ஐயா?" என்று கேட்டான்.