அதியமான் பெருவழி

கப்பலேறி அந்நிய தேசம் போகிறவனுக்குத்தான் சுங்கச் சோதனை என்று நாம் எண்ணுகிறோம். முற்காலத்திலோ உள்நாட்டு வழிகளிலும் சுங்கம் உண்டு. பழந்தமிழர் அதனை 'உல்கு' என்றனர்.

தகடூர் என்னும் பழம்பெயர் கொண்ட தர்மபுரிப் பகுதியில் 13-ஆம் நூற்றாண்டின் வழிக்கல் ஒன்று கிடைத்தது. 'அதியமான் பெருவழி' என்று பெயர் பொறித்து, நாவற்றாவளத்துக்கு 29 காதம் என்று அது தூரம் கூறுகிறது. எழுத்தறியாத வணிகனும் உணரும் பொருட்டு, பத்துக்கு ஒன்றாகப் பெருங்குழி இரண்டும், ஒன்றுக்கு ஒன்றாகச் சிறுகுழி ஒன்பதும் வெட்டியிருக்கிறார்கள். வழிப்போக்கனிடம் எத்துணை பரிவு!

மிளகுப் பொதி சுமந்த கழுதைகள் செல்லும் உல்குப் பெருவழிகளை வில்வீரர் காத்து நின்றதைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. வரி வாங்கியவன் வழியையும் காத்தான். முதற் குலோத்துங்கனோ சுங்கத்தையே நீக்கி, 'சுங்கம் தவிர்த்த சோழன்' எனப் புகழ்பெற்றான்.

2017 ஜூலை 1-ஆம் தேதி சரக்கு சேவை வரி வந்ததும், மாநில எல்லைகளில் இருந்த வணிகவரிச் சோதனைச் சாவடிகள் அகன்றன. ஆயினும் நெடுஞ்சாலையில் கட்டணம் வாங்கும் இடத்துக்குச் 'சுங்கச்சாவடி' என்றே பெயர். தொப்பூர்க் கணவாயை அடுத்தும் ஒன்று இருக்கிறது. அக்கணவாயின் இறக்கத்திலோ, கட்டுமீறிய லாரிகளால் மாண்டவர் பலர்.

சுங்கம் வாங்கும் கை, வழியைக் காக்கும் கையாகவும் இருத்தல் வேண்டும். பழந்தமிழர் கண்ட நீதி அதுவே.