கையெழுத்துக்கு முன்னால்

ஜனவரி 5

புதிய நாவலுக்குப் பதிப்பகத்திலிருந்து ஒப்பந்தம் வந்தது. நான்காம் பக்கத்தில் ஒரு ஷரத்து: அச்சு, மின்னூல், ஒலிநூல், திரைப்படம் என எல்லா உரிமைகளும் நிரந்தரமாக அவர்களுக்கே. பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

ஜனவரி 8

புத்தகக் காட்சியில் ஒரு தம்பி, "அக்கா, வேலையை விட்டுட்டு முழுசா எழுதலாம்னு இருக்கேன். பிழைக்க முடியுமா?" என்று கேட்டார். கணக்குப் போட்டுக் காட்டினேன். புத்தகம் 250 ரூபாய். ராயல்டி 10 சதவீதம். அச்சிட்ட 300 பிரதியும் விற்றால் கைக்கு 7,500 ரூபாய். "மொழிபெயர்ப்பு, பத்தி, வகுப்பு, மின்னூல் எல்லாம் சேர்ந்துதான் எனக்கு வீட்டு வாடகை. அதெல்லாம் அமையுற வரைக்கும் வேலையை விடாதீங்க தம்பி" என்றேன்.

இரவு புதுமைப்பித்தன் நினைவு. பத்திரிகை, சினிமா என்று அலைந்து, காசநோயோடு 1948இல் இறந்தபோது வயது 42. 'எழுத்து' இதழை நடத்திய சி.சு. செல்லப்பா நூல்களைத் தானே சுமந்துபோய் விற்றார். இவர்கள் பட்ட கஷ்டத்தைத் தியாகம் என்று போற்றியே பழகிவிட்டோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. எழுத்து உழைப்பு, கூலி கேட்கக் கூச்சம் எதற்கு?

ஜனவரி 12

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவை வரிவரியாகப் படித்தேன். உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு. இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். ஆனால் 'நிரந்தரம்' என்று எழுதியதில் நாமே கையெழுத்திட்டால் அந்த 5 ஆண்டுப் பாதுகாப்பு போய்விடும். பதிப்புரிமை, எழுதியவர் மறைந்து 60 ஆண்டு வரை நிற்கும் உரிமை. பிள்ளைகளுக்குச் சேர வேண்டிய சொத்து.

மின்னூலிலும் இதே கதைதான். கிண்டிலில் இந்திய விற்பனைக்கு 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றால், 90 நாள் அந்த மின்னூலை வேறெங்கும் விற்கக் கூடாது. எதைக் கொடுத்து எதைப் பெறுகிறோம் என்று தெரிந்தே கொடுக்க வேண்டும். ஒப்பந்தத்துக்கான திருத்தங்களை எழுதிப் பதிப்பகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

ஜனவரி 19

பதிப்பாளர் ஒப்புக்கொண்டார். அச்சுக்கும் மின்னூலுக்கும் 5 ஆண்டு. ஒலிநூலும் திரைப்படமும் என்னிடமே. ஆறு மாதத்துக்கு ஒருமுறை விற்பனைக் கணக்கு. முன்பணம் சற்றுக் குறைந்தது. சம்மதித்தேன்.

எழுத்தாளர்கள் கூடினால் கதை பேசுகிறோம், கவிதை பேசுகிறோம். ஒப்பந்தத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அடுத்த மாதக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் கேட்டிருக்கிறேன். 19ஆம் பிரிவை எல்லோரும் கேட்க வாசிக்கப் போகிறேன். அவரவர் ஒப்பந்தத்தையும் கையோடு எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.