தீக்குச்சி சொன்ன பாடம்

போடிநாயக்கனூரிலிருந்து வரும் பஸ் குரங்கணியோடு நின்றுவிடுகிறது. ஒருகாலத்தில் மூணாறுத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து ரோப்வேயில் வந்து இறங்கிய அடிவார ஊர் இது. ஜனவரிப் பனியில், வனத்துறை வாட்சர் ஒருவரின் பின்னால் மலையேறினேன்.

ஒரு மணி நேர ஏற்றம். மேட்டில் ஆறேழு பேர் ஆளுயரப் புல்லை அறுத்து, கவைக்கம்பால் நடுவே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். புல் காய்ந்ததும், பனி ஈரம் உலராத விடிகாலையில் அவர்களே கொளுத்திவிடுவார்கள். தீ தாண்டாமலிருக்க இரு பக்கமும் பச்சைக் குழையோடு ஆள் நிற்கும். கடைசியில் மிஞ்சுவது வெறும் மண்.

"இதுதான் சார் பயர் லைன். தீ இங்கன வந்தா திங்கிறதுக்கு ஒண்ணும் இருக்காது."

"காற்று பலமாக அடித்தால்?"

"பொறி தாண்டிரும். அதான் மார்ச்சுல ராத்திரியும் காவல் கிடக்கோம்."

செயற்கைக்கோள் கண்ட தீ இப்போது செல்போனுக்கே குறுஞ்செய்தியாக வருகிறது. ஆனால் அணைக்க மனிதர்தான் ஏற வேண்டும்.

2018 மார்ச் 11 பற்றிக் கேட்டேன். மலையேற வந்தவர்களில் 23 பேரைப் பலிகொண்ட தீ அது. விமானப்படை ஹெலிகாப்டர்கள் வருமுன்பே உதவிக்கு ஓடியவர்கள் இந்த ஊர்க்காரர்கள்தான். வாட்சர் பதில் சொல்லவில்லை. செதுக்கிய மண்ணில் உட்கார்ந்து ஒரு தீக்குச்சியைக் கிழித்து, எரியும் முனை கீழே இருக்கும்படி பிடித்தார். தீ விறுவிறுவென விரலை நோக்கி ஏறியது. அணைத்துவிட்டு இன்னொன்றைக் கிழித்து நிமிர்த்திப் பிடித்தார். அது சோம்பலாக எரிந்தது.

"மலையிலயும் இதே கதைதான். கீழே தீ இருந்தா மேல ஓடக் கூடாது சார்."

சரிவில் ஏறும் தீ, மேலே நிற்கும் புல்லை முன்கூட்டியே சூடாக்கிக் காயவைத்துவிடும். மூச்சு வாங்க ஏறும் மனிதரால் அதை முந்த முடியாது. பக்கவாட்டில் விலக வேண்டும். பாறை, ஓடை, ஏற்கெனவே எரிந்து ஆறிய கரிநிலம் இவையே புகலிடம். இரண்டு குச்சிகளையும் மண்ணில் தேய்த்து, சூடு ஆறியதைத் தொட்டுப் பார்த்த பிறகே அவர் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை தீக்காலம் என்று மலையேற்றப் பாதைகளை மூடுகிறார்கள். அந்த இரண்டு மாதமும் மலையைக் கீழிருந்தே பாருங்கள். புகை தெரிந்தால் 101-க்குச் சொல்லுங்கள்.