ஒரு கண்ணோடு லாரி ஓட்டலாமா?

"ஒரு கண்ணுல பார்வை இல்லாதவருக்கு லாரி ஓட்ட எப்படிங்க அனுமதி குடுக்கறாங்க?" அமெரிக்கச் செய்தி ஒன்றைப் பார்த்து நண்பர் கொதித்தார்.

அங்கே மாநிலம் தாண்டி லாரி ஓட்ட, கண்ணாடி போட்டாவது ஒவ்வொரு கண்ணிலும் 20/40 பார்வை இருக்க வேண்டும். அதாவது, நல்ல பார்வைக்கு 40 அடியில் தெரியும் எழுத்து 20 அடியிலாவது தெரிய வேண்டும். கிடைமட்டப் பார்வைப் பரப்பு 70 டிகிரி. சிக்னல் நிறங்களும் பிரிந்து தெரிய வேண்டும்.

ஒரு கண்ணில் இது தேறாதவர்கள் முன்பு விலக்கு கேட்டு விண்ணப்பிப்பார்கள்; குறையோடு சொந்த மாநிலத்துக்குள் 3 ஆண்டு ஓட்டிய அனுபவத்தைக் காட்ட வேண்டும். 2022 மார்ச்சில் அந்த முறை போய்ப் புது விதி வந்தது. கண் மருத்துவர் படிவம் நிரப்புகிறார். அதிலிருந்து 45 நாளுக்குள் உடல்தகுதிச் சோதனை. சான்று அதிகபட்சம் ஓராண்டுதான். புதிதாக வருபவரைப் பெரும்பாலும் நிறுவனம் சாலையில் ஓட்டச் சொல்லிப் பார்க்கும்.

எனக்குப் பிடித்தது படிவத்தில் உள்ள ஒரு கேள்வி: குறைக்குப் பழக இவருக்குப் போதிய காலம் கிடைத்ததா?

நேற்றுப் பார்வை இழந்தவரையும், பல வருஷம் தலையைத் திருப்பித் திருப்பிக் கண்ணாடி பார்த்துப் பழகியவரையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. நியாயமாகத்தான் படுகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?