காதர்பேட்டையிலிருந்து கடல் கடந்து

கடலைக் கண்டறியாத ஊர் திருப்பூர். நொய்யல் ஆறு ஊடறுத்துச் செல்லும் இக்கொங்கு நகரத்திற்குத் துறைமுகம் இல்லை. அயல்நாட்டு எல்லை அருகில் இல்லை. விமானம் ஏற வேண்டுமெனில் கோவைக்குச் செல்ல வேண்டும். ஆயினும் இங்குள்ள நடுத்தரப் பனியன் கம்பெனி ஒன்றினுள் நுழைந்து பாருங்கள். முதலாளியின் மேசை இழுப்பறையில், நூல் விலைப் பட்டியலுக்கு அடியில், இரண்டு மூன்று பாஸ்போர்ட்டுகள் ரப்பர் வளையமிட்டுக் கிடக்கும். பழையது காலாவதியாகி மூலை வெட்டப்பட்டிருக்கும். எனினும் அதைத் தூக்கி எறிய மாட்டார். அதிலுள்ள பழைய விசாக்களே அடுத்த விசாவிற்குச் சாட்சி என்பதை அவர் அறிவார்.

இவ்வூர்ப் பனியன் தொழிலின் தொடக்கத்தைப் பேசுவோர், குலாம் காதர் அவர்களையும் அவர் நிறுவிய ‘பேபி நிட்டிங்’ ஆலையையும் முதலில் நினைவுகூர்வர். கல்கத்தாவிலிருந்து வந்த பின்னல் கலை, பல்லாண்டுகள் உள்நாட்டு உள்ளாடைகளோடு நின்றிருந்தது. 1978ஆம் ஆண்டில் வெரோனா என்னும் இத்தாலிய இறக்குமதியாளர், பம்பாய் ஏற்றுமதியாளர்கள் வழியாக, வெள்ளை டி-சட்டை வாங்க இங்கு வந்தார். அவரைத் தொடர்ந்து ஐரோப்பிய வணிக நிறுவனங்கள் வந்தன. 1990இல் ஏற்றுமதியாளர் சங்கம் தோன்றியது. பின்னர், வந்தவர்களைத் தேடி நம்மவர் செல்லத் தொடங்கினர். நான்காண்டுகளுக்கு ஒருமுறை ஐரோப்பாவில் நடைபெறும் ‘இட்மா’ என்னும் நெசவு இயந்திரக் கண்காட்சி 2023இல் மிலன் நகரில் கூடியது. அத்தகைய கண்காட்சி அறிவிக்கப்பட்டவுடன், திருப்பூரில் கோப்புகள் தயாராகத் தொடங்கிவிடும்.

இரவில் சேரன் விரைவு வண்டியிலோ நீலகிரி வண்டியிலோ ஏறி, விடியற்காலையில் சென்னை சென்ட்ரலில் இறங்கி, முகம் கழுவிச் சட்டை மாற்றிக்கொண்டு விசா மையத்திற்கு விரையும் திருப்பூர்க்காரரை நீங்கள் பார்த்திருக்கலாம். கையில் தடித்த கோப்பு: வருமான வரிக் கணக்கு, வங்கிக் கணக்கு விவரம், ஏற்றுமதிக் குறியீட்டுச் சான்று, அயல்நாட்டு வணிகரின் அழைப்புக் கடிதம். இத்தனை தாளையும் சுமந்து சென்றும் சிலருக்கு விசா மறுக்கப்படுவது ஏன்? தாள் குறைந்ததால் அன்று, தாள்கள் ஒன்றோடொன்று முரண்பட்டதால்தான் என்பதைப் பலரது அனுபவத்தில் கண்டிருக்கிறேன். அழைப்புக் கடிதம் நான்கு நாள் கண்காட்சி என்று சொல்லும். விடுதிப் பதிவு பன்னிரண்டு நாளுக்கு இருக்கும். படிவத்தில் பங்குதாரர் என்று எழுதியிருப்பார். வங்கிக் கணக்கிலோ மாதச் சம்பளம் வரவாகியிருக்கும். அதிகாரி நம்மைப் பார்க்குமுன் நம் தாள்களைப் பார்க்கிறார். அவை அனைத்தும் ஒரே கதையை, அதுவும் உண்மைக் கதையைச் சொல்ல வேண்டும்.

ஐரோப்பாவிற்கான ஷெங்கன் விசாவில் இம்முரண்பாடு எளிதில் நேரும். 1995 மார்ச்சு முதல் நடைமுறைக்கு வந்த அவ்வுடன்பாட்டினால், ஒரே விசாவைக் கொண்டு பல நாடுகளுக்குச் செல்லலாம். ஆனால் எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது? எளிதில் கிடைக்கும் நாட்டிடம் வாங்கிக்கொண்டு வேறு நாட்டில் சென்று தங்கலாம் என்று ஆலோசனை கூறும் தரகர்கள் உண்டு. விதி அதுவன்று. பயணத்தின் முதன்மை நோக்கமும் மிகுதியான நாள்களும் எந்த நாட்டிற்குரியவையோ, அந்நாட்டிடமே கேட்க வேண்டும். 30,000 யூரோ மதிப்பிற்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் வேண்டும். 2024 ஜூன் முதல் விசாக் கட்டணம் 90 யூரோ. மறுக்கப்பட்டால் அது திரும்பி வராது. எந்த 180 நாள்களை எடுத்துக்கொண்டாலும் அதனுள் 90 நாள்களுக்கு மேல் தங்கலாகாது. முன்பெல்லாம் முத்திரைகளை எண்ணிக் கணக்கிட்டனர். 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக வந்த புதிய முறையில், கைரேகையையும் முகப்படத்தையும் பதிந்துகொண்டு இயந்திரமே நாளை எண்ணுகிறது. அதனிடம் மன்றாட முடியாது.

ஒரு நற்செய்தியும் உண்டு. மூன்றாண்டுகளுக்குள் இரண்டு ஷெங்கன் விசாக்களைப் பெற்று முறையாகப் பயன்படுத்திய இந்தியருக்கு, ஈராண்டுகளுக்குப் பலமுறை சென்றுவரும் விசா வழங்கலாம் என்று 2024 ஏப்ரலில் ஐரோப்பிய ஆணையம் விதி வகுத்தது. பழைய பாஸ்போர்ட்டை இழுப்பறையில் காத்து வைத்திருப்பவரின் சிக்கனம் இங்கே பலன் தருகிறது.

இனி, நம் இல்லங்களுக்கே உரிய தொல்லை ஒன்றைக் கூற வேண்டும். அது நம் பெயர். தந்தையின் பெயரைத் தலைப்பெழுத்தாக்கி, தன் பெயரைப் பின்னால் எழுதுவது தமிழர் வழக்கம். குடும்பப் பெயர் என்று தனியே ஒன்று நம்மில் பலருக்குக் கிடையாது. பாஸ்போர்ட்டிலோ இரண்டு கட்டங்கள் உள்ளன. ஒன்றைக் காலியாக விட்டுவிட்டு, முழுப் பெயரும் ஒற்றைச் சொல்லாய் நிற்கப் பயணம் புறப்பட்டவர்கள் பலர். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உடையோரைச் சுற்றுலா, வருகை விசாக்களில் ஏற்பதில்லை என்று அறிவித்தபோது, இவர்கள் திகைத்துப் போயினர். அமெரிக்க விசாவிலோ, காலியான இடத்தில் ‘முதற்பெயர் அறியப்படவில்லை’ என்னும் பொருள்படும் மூன்றெழுத்தை அச்சிட்டுவிடுவர். பெற்றோர் ஆசையாய்ச் சூட்டிய பெயர் ஒருவருக்கு இருக்க, பெயர் அறியப்படாதவராய் அவர் அங்கே இறங்குகிறார்!

அடுத்தது எழுத்து வேறுபாடு. முஹம்மது என்னும் திருப்பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாய் எழுதுகிறோம்! பள்ளிச் சான்றிதழில் ‘ஓ’ இருக்கும். ஆதாரில் அவ்விடத்தில் ‘யு’ இருக்கும். வங்கியில் ஒரு ‘எம்’ கூடியிருக்கும். விமானச் சீட்டில் பயண முகவர் சுருக்கி ‘எம்டி’ என்று போட்டிருப்பார். நமக்கு இவை நான்கும் ஒன்று. கணினிக்கோ நால்வர். ஆதலின் பெற்றோர்களே, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழை எழுதும் நாளிலேயே ஓர் எழுத்து முறையை முடிவு செய்யுங்கள்; பள்ளி, ஆதார், பாஸ்போர்ட் யாவற்றிலும் அதையே தொடருங்கள். பின்னாளில் திருத்துவதற்குச் செலவாகும் நாள்களை எண்ணிப் பார்த்தால், இது மிகச் சிறிய சிரமம்.

பெயர் சரியாய் இருந்தும் தனியே அழைத்து விசாரிக்கப்படுவோர் உண்டு. அதை மறைத்துப் பயனில்லை. நடிகர் ஷாருக் கான் 2009இல் அமெரிக்காவின் நியூவார்க் நிலையத்தில் நெடுநேரம் நிறுத்தி வைக்கப்பட்டார். நம் இராமேசுவரத்து மண்ணின் மைந்தர், முன்னாள் குடியரசுத் தலைவர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்கள், சோதனையினின்று விலக்குப் பெற்றவராய் இருந்தும், 2009 ஏப்ரலில் தில்லி விமான நிலையத்தில் அமெரிக்க விமான நிறுவனம் ஒன்றின் ஊழியர்களால் சோதிக்கப்பட்டார். 2011 செப்டம்பரில் நியூயார்க்கில், விமானத்தில் ஏறி அமர்ந்த பின்னரும் அவருடைய மேலங்கியும் காலணியும் சோதனைக்காக வாங்கிச் செல்லப்பட்டன. அமெரிக்க அரசு பின்னர் வருத்தம் தெரிவித்தது. அப்பெருமகனுக்கே இதுவெனில், காதர்பேட்டை வணிகர் எதிர்பாராதிருக்க முடியுமா? மனம் புண்படுவது இயல்பே. அது தவறென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அக்கூண்டின் முன் கோபம் பயன் தராது. கேட்டதற்கு மட்டும், கேட்ட அளவிற்கு மட்டும் விடை கூறுங்கள். மொழி புரியாவிடில், புரியாமல் தலையசைக்காமல், மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். அமெரிக்காவில் மீண்டும் மீண்டும் நிறுத்தப்படுவோர், அந்நாட்டு உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையிடம் முறையிட்டு ஒரு குறைதீர்ப்பு எண் பெறலாம். அவ்வெண்ணைப் பயணச்சீட்டுப் பதிவின்போது கொடுத்தால், ஒத்த பெயருடைய வேறொருவராய்த் தவறாகக் கருதப்படுவது குறையும். இதை அறிந்தோர் நம்மிடையே மிகச் சிலரே.

சகோதரிகளுக்கு ஒரு சொல். பாஸ்போர்ட், விசாப் புகைப்படங்களுக்குத் தலைமறைப்பைக் கழற்ற வேண்டியதில்லை. நெற்றி முதல் முகவாய் வரை முகம் நிழலின்றித் தெரிந்தால் போதும். விமான நிலையத்தில் உடற்சோதனை எனில், பெண் அதிகாரி வேண்டும் என்றும், மறைவான அறை வேண்டும் என்றும் தயங்காமல் கேட்கலாம்.

குடியேற்ற அதிகாரியைக் கடந்தால் சுங்க அதிகாரி நிற்பார். திருப்பூர்க்காரரின் பெட்டியே தனி வகை. உடுக்க நான்கு சட்டை. காட்ட நாற்பது சட்டை. ஒரே சட்டை சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்று அளவில் மடித்து வைக்கப்பட்டிருக்கும். விற்க வந்தவரா, காட்ட வந்தவரா என்று அதிகாரி ஐயுறுவது நியாயமே. இதற்கு உலக வணிகம் கண்ட வழி விந்தையானது: நல்ல சட்டையைக் கத்தரியால் கிழித்துவிடுவது! விற்கத் தகாதவாறு வெட்டப்பட்ட, அல்லது அழியாத மையில் ‘சாம்பிள்’ என்று பெரிதாய் எழுதப்பட்ட ஆடைகளை வரியின்றி அனுமதிக்கும் விதி, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உண்டு. நூல் தேர்ந்து, சாயம் பார்த்து, தையலில் ஒரு இழை பிசகினாலும் கழித்துவிடும் கட்டிங் மாஸ்டர், தன் கையாலேயே அச்சட்டையின் இடுப்பில் ஒரு வெட்டு வெட்டுவதை நான் பார்த்ததுண்டு. அவர் முகத்தில் அப்போது தெரிந்த வேதனை சிறிதன்று. வெட்டலாகாத விலையுயர்ந்த சாம்பிள்களுக்கும் கண்காட்சிப் பொருள்களுக்கும் ‘ஏ.டி.ஏ. கார்னெட்’ என்னும் ஆவணம் இருக்கிறது. இந்தியாவில் ஃபிக்கி அமைப்பு அதை வழங்குகிறது. எடுத்துச் சென்றதைத் திரும்பக் கொண்டுவருவேன் என்பதற்கான உறுதி அது.

பெட்டியின் மற்றொரு மூலையில் அம்மா வைத்த பொட்டலம் இருக்கும். அதைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். குருமாவிற்கும் பிரியாணிக்கும் நாம் சேர்க்கும் கசகசா, அமீரகம், சவூதி, கத்தார், சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் போதைச் செடியின் விதை எனத் தடை செய்யப்பட்டது. அரைத்த மசாலாப் பொடியில் கலந்திருந்தாலும் குற்றமே. கோவையிலிருந்து நேரே சார்ஜாவிற்கும் சிங்கப்பூருக்கும் விமானம் இருப்பதால், அடுப்படியிலிருந்து அந்தச் சுங்கக் கூடத்திற்கு ஒரு பகல் தூரம்கூட இல்லை. வலிமாத்திரைகளில் சிலவும் இவ்வாறே. டிரமடால், கோடீன் கலந்தவற்றை அந்தந்த நாட்டு முன் அனுமதியும் மருத்துவர் சீட்டும் இன்றி வளைகுடாவிற்கு எடுத்துச் செல்லாதீர்கள். பிறர் கொடுத்தனுப்பும் பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். கொடுப்பவர் மாமன் மகனாயினும் சரி.

முதலாளிகள் மட்டுமா பயணம் செய்கின்றனர்? தையற்காரரும் செல்கின்றனர். ஜோர்டான் நாட்டு ஆடை ஆலைகளில் உழைப்போர் பெரும்பாலும் அயல்நாட்டவர். வங்காளதேசம், இலங்கை, நேபாளத்தினருடன் இந்தியரும் உள்ளனர். இங்கே பவர் டேபிளில் அமர்ந்து பழகிய இளைஞருக்கு அத்தகைய அழைப்பு வரும்போது, அவருடைய பாஸ்போர்ட்டைத் திறந்து பாருங்கள். பத்தாம் வகுப்புத் தேறாதவராயின், குடிபெயர்வுச் சோதனை தேவை என்ற குறிப்பு அதில் இருக்கும். ஜோர்டானும் வளைகுடா நாடுகளும் மலேசியாவும் உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல, அத்தகையோர் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி பெற வேண்டும். 1983ஆம் ஆண்டுச் சட்டம் இதை வைத்தது ஏழையைத் தடுப்பதற்காக அன்று. ஒப்பந்தமும் சம்பளமும் எழுத்தில் இருக்கின்றனவா என்று ஒருவராவது பார்ப்பதற்காக. இந்தச் சோதனையைத் தவிர்க்கத்தான் தரகர், ‘வருகை விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்’ என்கிறார். அவ்வாறு சென்றவருக்குக் காப்பீடு இல்லை, ஒப்பந்தம் இல்லை, அங்கே பிடிபட்டால் சட்டத்தை மீறியவரும் அவரே. பதிவு பெற்ற முகவர்களின் பெயர்கள் ‘இ-மைகிரேட்’ இணையதளத்தில் உள்ளன. அவர்கள் வாங்கலாகும் கட்டணம் 30,000 ரூபாயும் அதன் மீதான வரியும் மட்டுமே. இலட்சக்கணக்கில் கேட்பவரிடம் நகையை விற்றுக் கொடுப்பதற்கு முன், அந்தப் பட்டியலில் அவர் பெயரைத் தேடுங்கள்.

இவ்வளவும் நாம் வெளியே செல்லும் கதை. இரயில் நிலையத்தை அடுத்த காதர்பேட்டைச் சந்துகளில் மறுபக்கத்தைக் காணலாம். ஏற்றுமதியில் மீந்தவையும் ‘செகண்ட்ஸ்’ எனக் கழிக்கப்பட்டவையும் மூட்டை மூட்டையாய்க் குவிந்திருக்கும் அக்கடைகளுக்கு, நைஜீரியா முதலிய ஆப்பிரிக்க நாடுகளின் வணிகர் பல்லாண்டுகளாய் வந்து வாங்கிச் செல்கின்றனர். விசாக் காலம் கடந்து தங்கியதற்காக அவர்களுள் சிலர் கைதான செய்திகளை நாளிதழ்களில் பலமுறை படித்திருப்பீர்கள். அவர்களுக்கு அறை கொடுத்தோரில் நம்மவரும் உண்டு. 2025 செப்டம்பர் முதல் நடைமுறையிலுள்ள குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டப்படி, காலம் கடந்து தங்குவோருக்கு மூன்றாண்டுச் சிறையும் 3 இலட்சம் ரூபாய் அபராதமும் வரை தண்டனை உண்டு. வெளிநாட்டவருக்கு இடம் கொடுப்பவர், அவருடைய விவரத்தை 24 மணி நேரத்திற்குள் இணையம் வழியே பதிவு செய்தாக வேண்டும். வாடகை இரு மடங்கு வருகிறதென்று தாளைப் பாராமல் சாவியைக் கொடுப்போர், தமக்கு மட்டுமன்றி அந்த விருந்தாளிக்கும் தீங்கு செய்கின்றனர்.

அப்பகுதியில் முதியவர் ஒருவர், மாடியில் இரண்டு அறைகளை இவ்வணிகர்க்கு விடுகிறார். ஆங்கிலம் அறியாதவர். எவர் வந்தாலும் விசாப் பக்கத்தைத் தம் பேரனைக்கொண்டு படிக்கச் செய்து, பதிவையும் முடித்து, காலக்கெடு நாளைச் சுவரிலுள்ள நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைப்பார். அந்நாளுக்கு இருபது நாள் முன்பாக மாடிக்கு ஏறிச் சென்று கதவைத் தட்டி, நாட்காட்டித் தாளையே கையில் கொடுத்துவிடுவார். அதற்குப் பின் நீட்டிப்புக்கு விண்ணப்பிப்பதோ, மூட்டையைக் கட்டுவதோ அவ்வணிகரின் பொறுப்பு.