ஒக்ஸ்போர்ட்டின் ஓட்டத் திடலிலே

ஒக்ஸ்போர்ட் நகருக்குச் செல்வோர் கல்லூரி மண்டபங்களையும் நூல்நிலையங்களையும் கண்டு திரும்புவதே வழக்கம். நாமும் முதல் நாள் அவ்வாறே திரிந்து களைத்து, மாலையில் ஆற்றங்கரையில் வந்து அமர்ந்தோம். இளைஞர் எண்மர் துடுப்பு வலிக்க, ஒருவர் சுக்கான் பிடித்துக் குரல்கொடுக்க, நீண்டு மெலிந்த படகுகள் நீரைக் கிழித்துச் சென்றன. கல்லூரிகளுக்கிடையே இங்கு நடைபெறும் போட்டியின் முறை விந்தையானது. இவ்விடத்தில் ஆறு ஒடுக்கமானது. பல படகுகள் பக்கம் பக்கமாக ஓட இடமில்லை. ஆகவே படகுகளை ஒன்றன்பின் ஒன்றாக இடைவெளிவிட்டு நிறுத்தி, ஒரே வேளையில் ஏவிவிடுகிறார்கள். பின்னே வருவது முன்னே செல்வதை முட்டிவிட்டால் மறுநாள் அதன் இடத்தைப் பெறும். இவ்வாறு நான்கு நாட்கள் நடக்கும். ஆற்றை அகலமாக்க முடியாதவர்கள் அதற்கேற்ற விளையாட்டை அமைத்துக்கொண்டார்கள்!

ஆனால் நாம் காண விரும்பியது வேறோர் இடம். மறுநாட் காலை மோட்லின் பாலத்தால் செர்வெல் ஆற்றைக் கடந்து, அப்பால் தெருக்கள் பிரியும் சந்தியில் இஃப்லி வீதியைப் பிடித்து நடந்தோம். அவ்வீதியின் ஓரத்திலேதான் சர்வகலாசாலையின் ஓட்டத் திடல் இருக்கிறது. உண்மையைச் சொன்னால், முதற் பார்வையில் ஏமாற்றமே உண்டாயிற்று. உலகப் புகழ் பெற்ற இடமென்று வானளாவிய அரங்கொன்றை எதிர்பார்த்துச் சென்ற நமக்கு, வீட்டு வரிசைகளுக்கிடையே அடக்கமாகக் கிடந்த ஒரு மைதானமே தென்பட்டது.

இத்திடலின் கதை ஒரு மாணவரின் கதை. 1946ஆம் ஆண்டு, பதினேழு வயதில், ரோஜர் பனிஸ்டர் என்பவர் வைத்தியம் பயில எக்ஸெற்றர் கல்லூரிக்கு வந்தார். ஆணி பதித்த ஓட்டச் சப்பாத்தை அவர் முதன்முதல் அணிந்தது இங்கேதான். 1947இன் தொடக்கத்தில் இங்கிலாந்தைக் கடும் பனி மூடியது. திடலிலே குவிந்த பனியை மண்வெட்டியால் வாரிக் கொட்டும் வேலைக்கு இம்மாணவர் மனமுவந்து முன்வந்தார். அவருடைய ஆர்வத்தைக் கண்டே, கேம்பிறிட்ஜுக்கு எதிரான மெய்வல்லுநர் போட்டியில் ஒரு மைல் ஓட்டத்துக்கு மூன்றாமவராக அவரைச் சேர்த்துக்கொண்டனர். எவரும் பெரிதாக எதிர்பாராத அவர் 4 நிமிடம் 30.8 செக்கனில் ஓடி முதலாவதாக வந்தார்.

இச்சர்வகலாசாலையில் விளையாட்டுக் கழகங்களை மாணவரே நடத்துகின்றனர், தலைவரும் மாணவரே. பனிஸ்டர் அத்தலைமைக்கு வந்தபோது பழைய ஓட்டப்பாதை மூன்று சுற்றுக்கு ஒரு மைல் என்ற கணக்கில் அமைந்திருந்தது. உலகெங்கும் வழங்கிய அளவு அதுவன்று. 440 யார் சுற்றளவும் ஆறு தடங்களும் கொண்ட புதிய பாதை வேண்டுமென்று அவர் பாடுபட்டார். 1950இல் அது நிறைவேறியது. தாம் படித்து முடிக்கும் தறுவாயில் பின்வருவோருக்காகப் பாதை போடும் மாணவர்கள் எத்தனை பேர்?

நான்கு ஆண்டுகளின் பின் அப்பாதை அவருக்கே பயன்பட்டது. 1954 மே 6ஆம் நாள். இலண்டன் சென்ற் மேரி வைத்தியசாலையில் பயின்றுவந்த பனிஸ்டர், காலையில் ஆய்வுகூடத்துச் சாணைக்கல்லில் சப்பாத்தின் ஆணிகளைத் தீட்டிக்கொண்டு புகைவண்டியேறி ஒக்ஸ்போர்ட் வந்தார். அன்று அவர் ஓடியது தம் சர்வகலாசாலைக்கு எதிரான அணியில் என்பது ஒரு வேடிக்கை. பலத்த காற்று. அயலிலுள்ள தேவாலயக் கோபுரத்தில் கொடி படபடத்துக்கொண்டிருந்தது. ஓடுவதா விடுவதா என்று அக்கொடியைப் பார்த்துப் பார்த்து மனம் குழம்பினார். ஓட்டம் தொடங்கும் வேளையில் கொடி சற்றுத் துவண்டது. ஓடத் துணிந்தார்.

முதலிரு சுற்றுகளையும் கிறிஸ் பிறேஷரும், அடுத்ததைக் கிறிஸ் சட்டவேயும் முன்னின்று இழுத்துச் சென்றனர். மூன்று சுற்றுகள் முடிய மூன்று நிமிடத்துக்குச் சற்று மேலாயிற்று. கடைசிச் சுற்றின் பாதியில் பனிஸ்டர் தோழரைக் கடந்து பாய்ந்து, எல்லைக்கோட்டைத் தாண்டித் தள்ளாடி விழப்போனார். நொரிஸ் மக்வேர்ட்டர் ஒலிபெருக்கியில் முடிவை நிதானமாக வாசித்தார். நேரத்துக்கு வந்து ‘மூன்று’ என்ற சொல்லை உச்சரித்ததுதான் தாமதம், மிகுதியை எவரும் கேட்கவில்லை, அத்தனை ஆரவாரம்! 3 நிமிடம் 59.4 செக்கன். 1945இல் சுவீடன் வீரர் குண்டர் ஹெக் நிலைநாட்டிய 4 நிமிடம் 1.4 செக்கன் ஒன்பது ஆண்டுகளின் பின் வீழ்ந்தது.

46 நாட்களில் அவுஸ்திரேலியாவின் ஜோன் லண்டி பின்லாந்திலே இதனையும் முறியடித்துவிட்டார். பனிஸ்டர் அவ்வாண்டோடு போட்டிகளை விட்டு நரம்பியல் வைத்தியரானார்; ஓட்டத்தைவிட அப்பணியையே பெரிதாக மதித்தார். பின்னர் பெம்புறோக் கல்லூரியின் தலைவராக இந்நகருக்கே மீண்டார். 2018இல் இங்கேயே காலமானார்.

கரிக்கசடு பரப்பிய அன்றைய பாதை இன்று இல்லை. செயற்கைத் தளம் இட்டிருக்கிறார்கள். 2007 முதல் திடலுக்கு அவருடைய பெயர் வழங்குகிறது. நாம் சென்ற வேளையில் மாணவியர் சிலர் தடைதாண்டிப் பழகிக்கொண்டிருந்தனர். அனுமதி கேட்டு, ஓரத் தடத்தால் ஒரு சுற்று நடந்து பார்த்தோம். எம்முடன் வந்த நண்பர், சொல்லாமலே கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார். தொடங்கிய இடத்துக்கு நாம் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது ஐந்து நிமிடம் கடந்துவிட்டதாம். பனிஸ்டர் நான்கு சுற்றையும் முடித்துச் சப்பாத்தைக் கழற்றத் தொடங்கியிருப்பார்.